குதிரைக்கு எத்தனை வழி

காலியான செஸ் பலகையில் ஒரே ஒரு குதிரை நிற்கிறது. அது எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம். 64 கட்டங்களிலும் மாறி மாறி நிற்கவைத்து, ஒவ்வொரு இடத்திலிருந்தும் அதற்குக் கிடைக்கும் நகர்வுகளை எல்லாம் கூட்டினால் எத்தனை வரும்?

மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் முதலில் கணக்கும், பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸும் நடத்திய காலம் முழுக்க, எண்ணிக்கைக் கணக்குகளை நான் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன். வரிசைமாற்றம், சேர்மானம் என்ற அத்தியாயத்தைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே ஒரு பயத்தோடு கொண்டுவருவார்கள். என் பி ஆரா, என் சி ஆரா என்று ஊகித்து, எண்ணைப் போட்டு, விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் அறிந்த முறை. குதிரைக் கேள்வியில் அந்த இரண்டு சூத்திரமும் கைகொடுக்காது. யோசித்தே ஆக வேண்டும்.

முதல் பதில் எந்த வருடமும் 512தான். "குதிரை எட்டு இடத்துக்குப் போகும் சார். எட்டு இன்ட்டு அறுபத்து நாலு." கொஞ்ச நேரத்தில் வேறொரு மூலையிலிருந்து குரல் வரும்: "ஓரத்துல நின்னா எட்டு வராது." அந்தக் குரலுக்காகத்தான் காத்திருப்பேன். குரல் கொடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு, கட்டம் போட்ட கரும்பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய எண்ணை எழுதச் சொல்வேன். மேல் வரிசை 2, 3, 4, 4, 4, 4, 3, 2. அடுத்தது 3, 4, 6, 6, 6, 6, 4, 3. மூன்றாவது 4, 6, 8, 8, 8, 8, 6, 4. நான்காவதும் அதேதான். இத்தனை எழுதியதும் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். கீழ்ப் பாதி மேல் பாதியின் பிரதி என்று கண்ணே சொல்லிவிடும். வரிசைக் கூட்டுத்தொகைகள் 26, 38, 52, 52. ஆக 168. இரு மடங்கு 336.

விடை வந்ததும் வகுப்பு நிம்மதியாகச் சாய்ந்து உட்காரும். உண்மையான பாடத்தை அப்போதுதான் எடுப்பேன். "வேறு வழியில் எண்ணி இதே 336-ஐக் காட்டுங்கள்" என்பேன். இந்த முறை குதிரையை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். குதிரையின் ஒரு நகர்வு எங்கே அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டுக்கு மூன்று என்ற செவ்வகத்தில், எதிரெதிர் மூலைகளுக்கு இடையில். அப்படி ஒரு செவ்வகத்துக்குள் இரண்டு மூலை ஜோடிகள். படுக்கையாக வைத்த செவ்வகங்கள் பலகையில் 7 × 6 = 42. நிமிர்த்தி வைத்தவையும் 42. மொத்தம் 84 செவ்வகங்கள், 168 ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் போகவர இரண்டு நகர்வுகள். 336.

இதில் ஓரம் இல்லை, மூலை இல்லை, விதிவிலக்கே இல்லை. பலகை எட்டுக்கு எட்டாக இல்லாமல் நூற்றுக்கு நூறாக இருந்தாலும் இதே வேகத்தில் முடியும். குதிரையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் ஐந்து வகைக் கட்டங்களைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். நகர்வைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் ஒரே வகை. எண்ணும் கணக்கில் பாதிக்கு மேல் எதைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் மறுபடி மறுபடி பார்த்தது அதைத்தான்.

எண்பதுகளின் வகுப்பில் செஸ் ஆடத் தெரிந்தவர்கள் சொற்பம். ஆடுபுலி ஆட்டம் தெரியும், தாயம் தெரியும்; குதிரை எப்படிப் போகும் என்று நான்தான் காட்ட வேண்டும். அதற்கென்றே பிளாஸ்டிக் காய்களும் சுருட்டி வைக்கும் பலகையும் பையில் இருக்கும். 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்குக் காய்களை அறிமுகப்படுத்தும் வேலை மெல்லக் குறைந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த சமயம், முதலாண்டு மாணவர்களில் ரேட்டிங் வாங்கியவர்களே இருந்தார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும். செஸ் நன்றாக ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வேகமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை. ஆட்டக்காரர்களுக்கு எது நல்ல நகர்வு என்பதில்தான் கண். நல்லதையும் கெட்டதையும் ஒரே மாதிரி எண்ணுவது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

336-க்கு அடுத்த கேள்வி இயல்பாக வரும். பலகையில் இரண்டு குதிரைகளை ஒன்றையொன்று தாக்காதபடி எத்தனை விதமாக வைக்கலாம்? முதல் குதிரை மூலையில் இருந்தால், ஓரத்தில் இருந்தால் என்று பிரித்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம் முழுக்க எழுதுவார்கள். செவ்வகத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வரி போதும். 64 கட்டங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 2016 வழிகள். தாக்கும் ஜோடிகள் 168. மீதி 1848.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு முறை விடைத்தாள் திருத்தும் முகாமில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. வினாத்தாளில் 'இரண்டு குதிரைகள்' என்று மட்டும் இருந்தது. ஒரே நிறமா, ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பா என்று சொல்லவில்லை. வெள்ளையும் கறுப்பும் என்றால் இடம் மாற்றி வைப்பது வேறு அமைப்பு; விடை 3696. எங்களுக்கு வந்த கீயில் 1848 மட்டும்தான். 3696 எழுதியவர்கள் கேள்வியை ஒரு விதமாகப் படித்து அதற்குச் சரியான விடையை எழுதியிருந்தார்கள். "கீயில் இல்லாததற்கு மார்க் போட முடியாது" என்று ஒரு தரப்பு. அன்று மதியம் வரை நாங்கள் சிலர் விடவில்லை. கடைசியில் எந்த நிறம் என்று எழுதிவிட்டுச் செய்தவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. எழுதாமல் 3696 போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் தயாரித்த வினாத்தாள்களில் காய்களின் நிறம் எழுதாமல் ஒரு கேள்வியும் போனதில்லை.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் லேப் வந்தது. டர்போ சி-யின் நீலத்திரை, ஒரு மெஷினுக்கு மூன்று பேர், அடிக்கடி மின்வெட்டு. எண்ணிக்கைக் கணக்கைக் கையால் செய்ய முடியாத இடத்துக்கும் கொண்டுபோக முடியும் என்று பிள்ளைகள் கண்கூடாகப் பார்த்தது அப்போதுதான். எட்டு ராணிகளை ஒன்றையொன்று தாக்காமல் வைக்கும் கணக்கு பாடத்திட்டத்திலேயே இருந்தது. 1848-இல் மாக்ஸ் பெட்செல் என்ற ஜெர்மன் ஆட்டக்காரர் முன்வைத்தது. 1850-இல் ஃபிரான்ஸ் நாவ்க் 92 தீர்வுகளையும் வெளியிட்டார். நிக்கலாஸ் விர்த் 1971-இல், ஒரு புரோகிராமைப் படிப்படியாக எப்படி உருவாக்குவது என்று விளக்கியதே இந்தக் கணக்கை வைத்துத்தான். அதனால் அது உலகம் முழுக்க லேப்களில் குடியேறிவிட்டது.

ஆனால் என் நினைவில் நிற்பது ராணிகளுக்கு முன்னால் கொடுத்த எளிய பயிற்சி. எட்டு யானைகளைத் தாக்காமல் வைக்க எத்தனை வழி? காகிதத்தில் ஒரு வரி: எட்டு ஃபேக்டோரியல், 40,320. அதைப் புரோகிராம் எழுதி ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னேன். ஒரு மாணவனின் திரையில் −25,216 என்று வந்தது. அவன் அதை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொண்டுவந்தான். "தம்பி, யானையை வைக்கிற வழி மைனஸில் வருமா?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் சொல்லுது சார்" என்றான். டர்போ சி-யில் இன்டிஜர் 32,767 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு அடியிலிருந்து, −32,768-இலிருந்து, மேலே வரும். 40,320-இலிருந்து 65,536-ஐக் கழித்தால் அவன் எழுதிய எண் அப்படியே கிடைக்கும். நான் விடையைத் திருத்திக் கொடுக்காமல் இந்தக் கழித்தலை அவனையே செய்யச் சொன்னேன். மெஷின் எப்படி அங்கே போய் நின்றது என்று அவனே கண்டுபிடித்த பிறகு, இன்டிஜர் என்பதை லாங் என்று மாற்றினான். அதன் பின் எந்தப் புரோகிராம் கொண்டுவந்தாலும், "இது இருக்கக்கூடிய எண்தானா சார்னு பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டை நீட்டுவான்.

அதே லேபில் பிள்ளைகளை அசரவைத்த இன்னொன்று. மூலையில் குதிரையை வைத்து, போகக்கூடிய கட்டங்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து நகர்த்திக்கொண்டே இருந்தால், அதே மூலைக்குத் திரும்பச் சராசரியாக எத்தனை நகர்வுகள் ஆகும்? யாருக்கும் ஊகம்கூட வராது. லட்சம் தடவை ஓடவிட்டால் 168-ஐ ஒட்டி நிற்கும். விளக்கம் நம் 336-இல்தான் இருக்கிறது. இப்படிக் கண்டபடி திரியும் குதிரை, நெடுநேரம் ஓடவிட்டால், பலகையிலுள்ள 336 நகர்வுகளையும் ஒரே அளவில்தான் பயன்படுத்தும். மூலையில் முடிபவை அவற்றில் இரண்டு. 336-ஐ இரண்டால் வகுத்தால் 168. நடுக் கட்டத்தில் எட்டு நகர்வுகள் முடிகின்றன. அங்கே திரும்ப 42. பத்து நிமிடத்தில் கரும்பலகையில் கூட்டிய எண் இந்த மாதிரி ஒரு கேள்விக்கும் பதிலாக வரும் என்று தெரிந்த வகுப்பு, அந்த வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தது.

92 ராணித் தீர்வுகளில் திருப்பியும் கண்ணாடியில் பார்த்தும் ஒன்றாகிவிடுபவற்றைச் சேர்த்தால் எத்தனை அடிப்படைத் தீர்வுகள் என்று கேட்பேன். பலகையைத் திருப்பவும் கவிழ்க்கவும் எட்டு வழிகள். 92-ஐ எட்டால் வகுத்தால் பதினொன்றரை. அரைத் தீர்வு என்று ஒன்று இருக்க முடியாதே! ஒரு தீர்வு மட்டும் பாதிச் சுற்றுத் திருப்பினாலும் தன்னைப் போலவே இருக்கிறது; அதற்கு எட்டுக்குப் பதில் நான்கு வடிவங்கள். 11 × 8 + 4 = 92. அடிப்படைத் தீர்வுகள் 12.

திருப்பிப் பார்க்கும் இந்த வழக்கம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்குக் குதிரைச் சுற்று நல்ல சாட்சி. குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒரே ஒரு முறை மிதிக்க வேண்டும். நம் நாட்டில் இது பழைய விளையாட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தம் அலங்கார நூலில் இதைச் செய்யுளில் அமைத்தார். தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் பாதுகா சஹஸ்ரத்தில் ஒரு சுலோகத்தின் 32 அட்சரங்களை நான்கு வரியாக எழுதி, குதிரை நடையில் படித்தால் அடுத்த சுலோகம் வரும்படி செய்திருக்கிறார். இரண்டு சுலோகத்துக்கும் பொருள் இருக்க வேண்டும், குதிரையும் தடுக்கி விழக்கூடாது! வகுப்பில் இதை எழுதிக் காட்டிய நாட்களில், கணக்குப் பிடிக்காத பிள்ளைகள்கூடப் பலகையிலிருந்து கண்ணை எடுத்ததில்லை.

புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பிவரும் சுற்றுகள் மொத்தம் எத்தனை என்பது வெகுகாலம் தெரியாமலே இருந்தது. 1996-இல் ஜெர்மனியின் லோப்பிங், வெகனர் என்ற இரு ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் எண்ணி ஒரு விடையை வெளியிட்டார்கள்: 3,34,39,12,34,84,294. கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண் இருந்தது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 94 நான்கால் வகுபடாது. எட்டுக்கு எட்டுப் பலகையில் எந்த மூடிய சுற்றையும் கால் சுற்றுத் திருப்பினால் அதே சுற்று வராது. கண்ணாடியில் பார்த்தாலும் வராது. பாதிச் சுற்றுத் திருப்பினால் மட்டும் சில ஒத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு சுற்றும் எட்டுப் பேர் அல்லது நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இருக்கிறது. மொத்தம் நான்கால் வகுபட்டே ஆக வேண்டும். மாபெரும் கணக்கீட்டின் பிழையை இரண்டு இலக்கங்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. விடை தவறு என்று அவர்களே நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள். 1997-இல் ஆஸ்திரேலியாவின் பிரெண்டன் மெக்கே வேறு வழியில் எண்ணி 1,32,67,36,44,10,532 என்றார். 32 நான்கால் வகுபடுகிறது. இந்தக் கதையைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் வெளியே அனுப்பியதில்லை.

2000-க்குப் பிறகு எண்ணிக்கைக் கணக்குகள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குள் வந்தன. அவற்றில் புகழ்பெற்றது போன் பொத்தான்களின் மேல் குதிரை தாவும் கணக்கு. 1-இலிருந்து 6, 8-க்குத் தாவலாம். 4-இலிருந்து 3, 9, 0. ஐந்திலிருந்து எங்கும் போக முடியாது. பத்து இலக்க எண்கள் எத்தனை டயல் செய்யலாம்? விடை 14,912. நுனி வரை கிளைவிட்டு எண்ணும் புரோகிராம் பத்து இலக்கத்துக்குச் சமாளிக்கும். நூறு இலக்கம் என்றால் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் முந்தைய நீளத்தின் எண்ணிக்கையை அட்டவணையில் வைத்துக்கொண்டு கூட்டினால் நொடியில் முடியும். பிளேஸ்மென்ட் பயிற்சி மையங்கள் இந்தப் புரோகிராமை அப்படியே மனப்பாடம் செய்ய வைத்தன. பள்ளியில் சூத்திரத்தை ஒப்பித்த பிள்ளைகள் கல்லூரியில் புரோகிராமை ஒப்பிக்கத் தொடங்கினார்கள். கேள்வியை ஒரு நூலிழை மாற்றினால் நின்றுவிடுவார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம்.

அதனால் நான் கேள்வியை நம் ஊருக்கு மாற்றினேன். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். குதிரை டயல் செய்யக்கூடிய மொபைல் எண்கள் எத்தனை? 6-இல் தொடங்குபவை 2,304. 7, 8, 9 ஒவ்வொன்றிலும் 1,424. மொத்தம் 6,576. ஒரு மாணவி தன் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். "சார், ஒன்பது இலக்கத்துக்கு எல்லா எண்ணும் சேத்தும் 6,576தான் வருது. ரெண்டும் எப்படி ஒண்ணாச்சு?" நான் அதைக் கவனித்ததே கிடையாது. அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

அவளே கரும்பலகைக்கு வந்து எழுதினாள். 6-இலிருந்து 1, 7, 0. 7-இலிருந்து 2, 6. 8-இலிருந்து 1, 3. 9-இலிருந்து 2, 4. மொத்தம் ஒன்பது தாவல்கள். அவற்றில் 1 இரண்டு முறை வருகிறது, 9 வரவில்லை. 2 இரண்டு முறை வருகிறது, 8 வரவில்லை. 3, 4, 6, 7, 0 ஒவ்வொரு முறை. போன் பலகையைக் கண்ணாடியில் பார்த்தால் 1-ம் 3-ம் இடம் மாறும். தலைகீழாகக் கவிழ்த்தால் மேல் மூன்று வரிசைகளுக்குள் 1-ம் 7-ம் இடம் மாறும். அப்படிப் பார்த்தால் 1, 3, 7, 9 நான்கிலிருந்தும் ஒரே எண்ணிக்கை; 2-க்கும் 8-க்கும் ஒரே எண்ணிக்கை. இரண்டாவது 1-ஐ 9 என்றும், இரண்டாவது 2-ஐ 8 என்றும் மாற்றி எழுதினால், ஐந்தைத் தவிர எல்லாப் பொத்தான்களும் சரியாக ஒரு முறை வந்துவிடுகின்றன. ஆகவே பத்து இலக்க மொபைல் எண்களின் எண்ணிக்கை, ஒன்பது இலக்கத்துக்கான மொத்த எண்ணிக்கையேதான். கவிழ்க்கும்போது பூஜ்யம் மட்டும் கீழே தனியாக நிற்கிறதே என்று முன் பெஞ்சில் ஒருவன் மடக்கினான். பூஜ்யம் போவது 4-க்கும் 6-க்கும்தான், கவிழ்த்தாலும் அந்த இரண்டும் நகர்வதில்லை என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியனாக எனக்குக் கிடைத்த மிக நல்ல மணி நேரங்களில் அது ஒன்று.

கடைசி வருட புராஜெக்டாகச் செஸ் என்ஜின் எழுதும் பிள்ளைகள் 2010-க்குப் பிறகு அதிகமானார்கள். என்ஜின் நன்றாக ஆடுகிறதா என்பது பிறகு. முதலில் நகர்வு விதிகளைச் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இந்தத் துறையில் எல்லோரும் செய்வது ஒரே சோதனை, பெர்ஃப்ட் என்பார்கள். தொடக்க நிலையிலிருந்து இத்தனை நகர்வு ஆழத்துக்கு எத்தனை ஆட்டப் பாதைகள் என்று எண்ணி, ஊரறிந்த எண்களோடு ஒப்பிடுவது. முதல் நகர்வுக்கு 20. பதில் நகர்வும் சேர்த்து 400. மூன்றுக்கு 8,000 என்று பலர் நினைப்பார்கள். வழி திறந்துகொள்வதால் 8,902. நான்குக்கு 1,97,281. ஐந்துக்கு 48,65,609. (பாதைகளை விட்டுவிட்டு வெவ்வேறு நிலைகளை மட்டும் எண்ணினால் மூன்றாவது ஆழத்தில் 5,362தான். ஒரே நிலைக்குப் பல பாதைகள் வரும். இதைக் குழப்பிக்கொண்டு விவாதம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.)

ஒரு மாணவனின் என்ஜின் நான்கு ஆழம் வரை அச்சுப் பிசகாமல் வந்தது. ஐந்தில் 48,65,351. ஐம்பது லட்சத்துக்கு அருகில் 258 குறைவு. "சின்ன வித்தியாசம்தானே சார், டெமோவில யாருக்குத் தெரியப் போகுது" என்றான். அந்த வித்தியாசம்தான் நமக்கு வழிகாட்டும் என்றேன். 20 முதல் நகர்வுகளுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை போடச் சொல்லி, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் தரும் எண்களோடு பக்கத்தில் வைத்தோம். 12 வரிகள் ஒத்துப்போயின. எட்டு வரிகளில் மட்டும் குறைவு. அந்த எட்டும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறும் நகர்வுகள்.

அதற்கு மேல் புரோகிராமைத் திறக்கவே தேவைப்படவில்லை. முதல் நகர்வில் இரண்டு கட்டம் போன சிப்பாய் மட்டுமே மூன்றாவது நகர்வில் ஐந்தாம் வரிசைக்கு வர முடியும். நான்காவதில் எதிரிச் சிப்பாய் பக்கத்தில் இரண்டு கட்டம் தாவி வந்து நிற்கும். ஐந்தாவதில் அதை ஆன் பாசான் முறையில் வெட்டலாம். நான்கு ஆழத்துக்குள் இது நடக்க வாய்ப்பே இல்லை. ஐந்தாவது ஆழத்தில் அப்படி வெட்டும் நகர்வுகள் மிகச் சரியாக 258. அவன் அந்த விதியை எழுதவே மறந்திருந்தான். எழுதிச் சேர்த்ததும் 48,65,609 திரையில் வந்து நின்றது. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. தொடக்க நிலையிலிருந்து காஸ்லிங் செய்ய ஏழாவது நகர்வாவது ஆக வேண்டும். சிப்பாய் ராணியாக ஒன்பது. ஐந்து ஆழம் ஒத்துப்போனது அந்த விதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கென்றே காஸ்லிங்கும் வெட்டும் நிறைந்த சோதனை நிலைகளைத் துறைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். கிவிபீட் என்று ஒன்று. அதில் முதல் நகர்வுக்கே 48 வழிகள், இரண்டாவதில் 2,039. அதையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவன் புராஜெக்டில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது எந்த எண்ணைக் கேட்டாலும் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. விடை கிடைப்பதில் இருந்த சிரமம் போய்விட்டது, நல்லதுதான். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் விடையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். "336. இரண்டு வழியில் காட்டு" என்று அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் அந்த உசிலம்பட்டிப் பெண் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். நியூரல் நெட்வொர்க் ஒன்றைச் செஸ் ஆடப் பழக்குகிறாள். நெட்வொர்க் கடைசியில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு மதிப்பெண் தர வேண்டும். அதற்கு எத்தனை இடம் ஒதுக்குவது? செஸ்ஸில் மொத்தம் எத்தனை நகர்வுகள்தான் உண்டு?

"எந்தக் காய் என்று வேண்டுமா, எங்கிருந்து எங்கே என்று மட்டும் போதுமா?" என்று கேட்டேன். எங்கிருந்து எங்கே என்றால் போதும் என்றாள். அப்படியானால் யானை, பிஷப், ராஜா, சிப்பாய் எல்லாம் போகும் பாதை ராணியின் பாதைக்குள் அடங்கிவிடும். காஸ்லிங்கும் ராஜா இரண்டு கட்டம் போவதுதான். யானைக்கு எங்கு நின்றாலும் 14, மொத்தம் 896. பிஷப்புக்கு 560. ஆக ராணிக்கு 1,456. குதிரையின் 336-ஐச் சேர்த்தால் 1,792. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகும்போது மட்டும் எந்தக் காயாக மாறுகிறது என்று சொல்லியாக வேண்டும். நேராக 8, குறுக்காக வெட்டி 14, ஆக 22 வழிகள். ராணியாவதைச் சாதாரண நகர்வாகவே விட்டுவிட்டு மற்ற மூன்று காய்களுக்கு மட்டும் தனி இடம் கொடுத்தால் 66. மொத்தம் 1,858. "கறுப்புக்கும் தனியாக 66 வேண்டாமா?" என்று நான் கேட்க, கறுப்பு ஆடும்போது பலகையைத் திருப்பி வைத்துவிடுவதாகச் சொன்னாள். அப்படியானால் 1,858தான்.

"ஆனா ஆல்ஃபாஜீரோவில 4,672னு போட்டிருக்காங்களே சார்?" 2017-இல் வந்த அந்த என்ஜின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே மாதிரி 73 அறைகள் ஒதுக்கியது. எட்டுத் திசையில் ஏழு தூரம் வரை 56, குதிரைக்கு 8, ராணி தவிர்த்த மாற்றங்களுக்கு 9. 64 × 73 = 4,672. மூலைக் குதிரைக்கும் எட்டு அறை உண்டு; ஆறு அறை பலகைக்கு வெளியே போகும். வெளியே போகிறவற்றையும் நடக்கவே முடியாத மாற்றங்களையும் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று அவளையே எண்ணச் சொன்னேன். மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"1,858 சார்" என்றாள்.

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அமைப்பு இருந்தால் நெட்வொர்க்குக்குச் சுலபம், அதனால் 2,814 காலி அறைகளை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்று பேசி முடித்தோம். தன்னிடம் இருக்கும் மெஷின் சிறியது, 1,858 இடங்களையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.